இடப்பக்க இருக்கை

பென்டில் ஹில்
ஞாயிறு மாலை

அன்பு மகன் பிரதீப்குமாருக்கு, அப்பா சொல்லச் சொல்லத் தங்கை அக்ஷரா எழுதுவது. வீட்டில் மூன்று பேரும் சௌகரியமாக இருக்கிறோம், அப்பாவின் வலது மணிக்கட்டைத் தவிர. ராணுவப் பயிற்சி முகாமில் குளிர் எப்படி இருக்கிறது, முழங்கால் வலி விட்டதா, வயிறு நிறையச் சாப்பிட நேரம் கொடுக்கிறார்களா என்பதை முதலில் கேட்கச் சொன்னது அம்மா. அப்பாவின் கைக்கட்டைப் பிரிக்க இன்னும் ஒன்பது நாள் இருப்பதால் இந்தக் கடிதமும் என் கையெழுத்தில்தான் வருகிறது. ஆனால் அண்ணா, இந்தத் தடவை தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நடந்தது அத்தனையையும் உண்மையாகவே எழுதப்போகிறேன். அப்பா சொன்னதை அப்பா சொன்னதாகவும் நான் பார்த்ததை நான் பார்த்ததாகவும் எழுதுவேன், முடித்தபின் முழுவதையும் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறையில் போடுவேன்.

முதல் உண்மை அந்த மணிக்கட்டைப் பற்றியது. ஏணிப்படி ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டது என்று அப்பா உனக்குப் போனில் சொன்னார். படி ஈரமாக இல்லை. அன்று கூரை ஓரத்துத் தகர வாய்க்காலில் அடைத்திருந்த இலைகளை எடுக்க அவர் ஏறியிருந்தபோதுதான் எதிர்வீட்டு நித்தியானந்தன் அங்கிளின் கார் பெரிய வண்டியின் முதுகில் வந்து இறங்கியது. கார்வெட், எட்டாம் தலைமுறை, கருநீலம், நீயும் அப்பாவும் சமையலறை மேசையில் உட்கார்ந்து எத்தனையோ சனிக்கிழமைகள் பேசிய அதே கார். அப்பா ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடி கழுத்தை நீட்டினார், பிறகு இன்னும் கொஞ்சம் நீட்டினார், நான் கீழே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர் அம்மாவோடு வேலை செய்கிறவர், எதைப் பார்த்துக்கொண்டு விழுந்தார் என்று அவர் கேட்டதற்கு, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்து விழுந்திருந்தால்கூட வெளியே சொல்லிக்கலாம், இவர் காரைப் பார்த்து விழுந்தவர் என்று அம்மா சொன்னாள். அந்த நாளிலிருந்து அப்பாவுக்கு அந்தக் காரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை வருவதில்லை. டிக்கியில் ஒரு அரிசி மூட்டைக்கு மேல் வைக்க முடியுமா என்கிறார், இந்தத் தெருவில் இருக்கிற வேகத்தடைக்கு இந்தக் கார் எதற்கு என்கிறார், ஆனால் தினமும் மாலையில் அங்கிள் கராஜ் கதவைத் திறந்து விளக்கைப் போட்டதும் நம் முன்னறை ஜன்னல் திரை நாலு விரல் விலகும். விளக்கு அணைகிற வரைக்கும் அப்பா டீ குடித்துக்கொண்டு நிற்பார், டம்ளர் எப்போதோ காலியாகியிருக்கும்.

எனக்கும் பொறாமை உண்டு, அதையும் எழுதிவிட வேண்டும். அது காரின் மேல் இல்லை. போன கடிதத்தில் நீ நாலு பக்கம் எழுதியிருந்தாய், நாலு பக்கமும் கார். ஆறு புள்ளி இரண்டு லிட்டர் எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பாரம் பின்சக்கரத்தில் எப்படி இறங்கும், எட்டு கியர் எப்படி மாறும் என்றெல்லாம் எழுதி, கடைசியில் அக்ஷராவைக் கேட்டதாகச் சொல்லவும் என்று அரை வரி. அந்த அரை வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டியதும் நான்தான். நம் கணிப்பு நோட்டை நினைத்துப் பார். புதுக் கார் வெளியாகும் முன் இணையத்தில் ஆளுக்கு ஒன்று சொல்லும்போது நீயும் அப்பாவும் உங்கள் கணிப்பைச் சொல்வீர்கள், கோடு போட்டு எழுதுவது நான். இரட்டை டர்போ வைத்த கார்வெட் ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு வந்தபோது அப்பா எண்ணூற்றைம்பது குதிரைத்திறன் என்றார், நீ தொள்ளாயிரம் என்றாய், நான் ஆயிரத்துக்கு மேலே இருக்கும் என்றேன். நீ எழுது, உனக்கு எழுத்துதான் அழகு என்று நீ சொன்னாய். வந்தது ஆயிரத்து அறுபத்து நாலு. அன்று நீங்கள் இருவரும் துள்ளிக் குதித்ததில் நான் சொன்னது யாருக்கும் ஞாபகமில்லை, நோட்டிலும் இல்லை, ஏனென்றால் அதில் அப்பாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று இரண்டு பத்திதான் உண்டு.

இனி நேற்று நடந்தது. இரண்டு வாரம் முன்பு அங்கிள் வந்து ஈஸ்டர்ன் கிரீக் பந்தயத் தளத்தில் அவருடைய கார் கழகத்துக்கு ஒரு நாள் கொடுத்திருக்கிறார்கள் என்றார். அப்பாவைப் பார்த்து, கல்யாணம் அண்ணை, கார்ல இருக்கிற கதிரை ரெண்டுதான், ஒண்டில நான், மற்றதில ஒராள், உங்கட நோட்டுப் புத்தகம் இருக்கல்லோ, நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு என்ர கார் எத்தினை செக்கன்ல போகும் எண்டு சொல்லுங்கோ, முதல் ஓட்டம் நான் தனிய ஓடுறன், ஆர் சரியான கணக்குக்குக் கிட்டச் சொல்லினமோ அவை அடுத்த ஓட்டத்தில ஏறலாம் என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, அப்போதே நோட்டை எடுத்துவரச் சொன்னார். அமெரிக்காக்காரன் போட்ட கணக்கு அறுபது மைலுக்கு இரண்டு புள்ளி ஒன்பது, நூறு கிலோமீட்டர் அதைவிடக் கொஞ்சம் கூட, அதனால் மூன்று புள்ளி ஒன்று என்று எழுதச் சொன்னார். அங்கே கார் ஓரடி உருண்ட பிறகுதான் கடிகாரத்தை ஓடவிடும் வழக்கம், காலைக் குளிரில் டயரும் பிடிக்காது என்று நீ கடிதத்தில் மூன்று புள்ளி நாலு சொன்னாய். அதே கடிதத்தில்தான், அப்பா, இது நம்ம கார், நீங்க ஏறி உக்காந்து எனக்கு எல்லாத்தையும் எழுதுங்க, நான் அதைப் படிச்சே இங்க மீதி நாளை ஓட்டிடுவேன் என்றும் எழுதியிருந்தாய். அப்பா அந்தப் பக்கத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அங்கிள் என்னையும் கேட்டார், பிள்ளை நீயும் சொல்லு பாப்பம் என்றார். நான் ஐந்து புள்ளி ஐந்து என்றேன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அது நம்ம வீட்டு வண்டி பத்து வருஷம் முந்தி போன வேகம்மா என்றார், நோட்டில் எழுத இடமில்லை என்றும் சொன்னார். நான் பின் அட்டையில் பென்சிலால் எழுதி வைத்தேன். அது குருட்டுக் கணிப்பு இல்லை அண்ணா. நீங்கள் இருவரும் காரைப் படித்தீர்கள், நான் ஐந்து வாரமாக ஓட்டுகிறவரைப் பார்த்தேன். தெருமுனை வேகத்தடைக்கு முன்னால் அவர் நிறுத்தி, காரின் மூக்கைத் தூக்கும் பொத்தானை அழுத்தி, அது முழுசாக உயரும் வரை காத்திருந்து, தளும்பத் தளும்பப் பால் கொண்டுபோகிறவர் மாதிரி தாண்டுவார். சிக்னலில் பையன்கள் உறுமச் சொல்லிக் கத்தினால் கையை ஆட்டிவிட்டு எல்லாருக்கும் கடைசியில் கிளம்புவார். ஒரு நாள் மேக்பை பறவை ஒன்று குறுக்கே நடந்து போனதற்கு எஞ்சினையே நிறுத்திவிட்டார். ஐந்து வாரத்தில் ஒரு தடவைகூட அவர் காலை முழுசாக அழுத்தி நான் கேட்டதில்லை.

நேற்றுக் காலை வெயில் இருந்தும் கை விறைத்தது. அப்பா நீல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார், கட்டுக்கு மேல் கை ஏறாததால் அம்மா அதன் கைத்தையலைப் பிரித்துக் கொடுத்தாள். ஏறுகிறவர்களுக்குப் பதினாறு முடிந்திருக்க வேண்டும் என்று வாசலில் வயது கேட்டார்கள், மே மாதமே முடிந்துவிட்டது என்று நான் பள்ளி அட்டையைக் காட்டியபோது, உனக்கு எதுக்கும்மா அதெல்லாம் என்று அப்பா நல்ல மனதோடுதான் சொன்னார். அங்கிள் தனியாகப் போய்க் கோட்டில் நின்றார். பச்சை விளக்கு வந்தது. கார் கிளம்பியது, மிகவும் மரியாதையாகக் கிளம்பியது. சுற்றி வந்து நின்றபோது கண்ணாடியில் ஒட்டியிருந்த நேரம் அளக்கும் பெட்டி ஐந்து புள்ளி ஆறு என்று காட்டியது. அழுத்தத்தான் நினைச்சனான் பிள்ளை, கால் கேக்கேல்லை என்று அங்கிள் வெட்கத்தோடு சொல்லிவிட்டு இடப்பக்கக் கதவைத் திறந்தார். அப்பா ஓரடி முன்னால் வந்துவிட்டார். பிறகு நின்று, போம்மா, நீதானே சொன்ன, என்றார். நான் ஒருமுறையாவது நீங்க போங்கப்பா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டேன்.

உட்கார்ந்தால் தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. ஓட்டுகிறவருக்கும் நமக்கும் நடுவில் பொத்தான்கள் ஒரே வரிசையாக வேலி போட்டதுபோல் நிற்கின்றன. சத்தம் முன்னால் இருந்து வரவில்லை, பிடரிக்குப் பின்னால் யாரோ பேச மூச்சு இழுக்கிற மாதிரி வருகிறது. இரண்டாவது சுற்றில் அங்கிளுக்குத் தைரியம் வந்து நேர்ப்பாதையில் நூற்று நாற்பது தொட்டார். முதல் சுற்றில் அப்பா வேலியோரம் நின்று கட்டுப்போட்ட கையைத் தூக்கி ஆட்டினார், இரண்டாவது சுற்றில் கை கீழே இருந்தது. அப்போது எனக்கு அவரைப் பார்த்துப் பாவமாக இருக்கவில்லை, சந்தோஷமாக இருந்தது, இப்போது தெரிகிறதா வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பது எப்படி என்று நினைத்தேன். இறங்கியபின் அப்படி இல்லை. திரும்பி வரும் வழியில் ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் அப்பா எனக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தார், தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

இன்று மத்தியானம் சாப்பிட்டதும் அப்பா என்னைக் கூப்பிட்டு எழுத உட்காரச் சொன்னார். அவர் சொன்ன வரியை அப்படியே தருகிறேன். மகனே நேற்று நீ சொன்னபடியே நான் ஏறினேன், பிடரிக்குப் பின்னால் யாரோ மூச்சு இழுப்பதுபோல் இருந்தது, நடுவில் பொத்தான்கள் வேலி மாதிரி, நூற்று நாற்பது தொட்டோம். இவை எல்லாம் ராத்திரிச் சாப்பாட்டில் நான் அம்மாவிடம் சொன்னவை. என்னைவிட அவர் நன்றாகச் சொன்னார், கையைக்கூட ஆட்டிக் காட்டினார், அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது. நான் பேனாவைக் கீழே வைத்தேன். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அவன் ஏறச் சொன்னது என்னைத்தாம்மா, அந்த மைதானத்துல விடிகாலையில மூட்டை தூக்கிட்டு ஓடுற பிள்ளை இதுக்காகக் காத்திருக்கான், ஏறலைன்னு எப்படி எழுதுவேன் என்றார். நான் வேறு தாள் எடுத்து நீ இப்போது படிக்கிற இந்தக் கடிதத்தை முதலிலிருந்து எழுதினேன், இவ்வளவு தூரம் வந்ததும் நிறுத்தி அவருக்குப் படித்துக் காட்டினேன். ஏணிப்படி வந்த இடத்தில் தொண்டையைக் கனைத்தார். வேலியோரம் கை கீழே இருந்த இடத்தில் நான் வேகமாகப் படித்துவிட்டேன், மறுபடி படி என்றார், படித்தேன்.

பிறகு அவர் எழுதச் சொன்னது இது. மகனே, ஏறியது அக்ஷரா. நான் வேலியோரம் நின்றேன். என் கணிப்பு இரண்டரை நொடி தப்பு, உன்னுடையது இரண்டு புள்ளி இரண்டு தப்பு, அவளுடையது புள்ளி ஒன்றுதான் தப்பு. இன்று காலை அவள் கோவிலுக்குப் போயிருந்தபோது அங்கிள் என்னையும் ஒரு சுற்றுக் கூட்டிப்போகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன், அதை அவளிடம் சொல்லவில்லை, நீ வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். இதை எழுதும்போதுதான் அண்ணா எனக்கே தெரியும். அந்த இருக்கையை அப்பா உனக்காக வைத்திருக்கிறார். எனக்கு மறுபடியும் பொறாமைதான், ஆனாலும் ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஈரக் காலுறையோடு படுக்காதே என்று அம்மா சொல்கிறாள். எந்தக் குறையும் இல்லாமல் பயிற்சியை முடித்துக்கொண்டு வா, நீ எங்கே நின்றாலும் எங்கள் ஆசீர்வாதம் உன் பக்கத்தில் நிற்கும் என்று அப்பா சொல்கிறார். ஒன்பதாம் தலைமுறை எப்படி இருக்கும் என்று இணையத்தில் இப்போதே அடித்துக்கொள்கிறார்கள், உன் கணிப்பை அடுத்த கடிதத்தில் மறக்காமல் அனுப்பு, நோட்டில் புதுப்பக்கம் திருப்பி மூன்று பத்தி போடச் சொல்லியிருக்கிறார். என்னைப் பற்றி ஒரு முழு வரி எழுது அண்ணா, அரை வரி வேண்டாம்.

இப்படிக்கு, உன் நலத்தையே நினைத்திருக்கும் அப்பா, கல்யாணசுந்தரம். கையெழுத்து கோணலாக இருப்பது இடது கையால் போட்டதால்.

பின்குறிப்பு. அப்பா ஜன்னலுக்குப் போய்விட்டார், திரையை நாலு விரல் இல்லை, முழுசாகவே தள்ளிவிட்டு நிற்கிறார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அங்கிள் இரண்டு துணியால் மாறி மாறித் துடைத்து முடித்து, காரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். இப்போது கராஜ் விளக்கை அணைத்துவிட்டார்.