இரண்டு பழைய பாட்டுக்கு நடுவே

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

நான் இசை உதவியாளராக வேலை செய்யும் படத்தில் உங்கள் காலத்துப் பாட்டுகளும் புதிய பின்னணி இசையும் கலந்து வருகின்றன. இரண்டு பழைய பாட்டுகளை இணைக்கும் மெட்டு நான் போட்டது. இசையமைப்பாளர் அதைத் தன்னுடையதாகச் சொல்லிவிட்டார். நேற்று இயக்குநர் அதை வாசிக்கச் சொன்னதும் இவர் கீபோர்டில் தடுமாறி என்னைப் பார்த்தார்.

“நீ வாசிம்மா.”

“உங்க மெட்டு சார், எனக்கு எப்படித் தெரியும்?”

அவர் காது சிவப்பதை ஆசைதீரப் பார்த்தேன். பிறகுதான் உட்கார்ந்து, பிசிறில்லாமல் முழுவதும் வாசித்தேன்.

“டைட்டில்ல உன் பேரை எப்படிம்மா போடணும்?” என்றார் இயக்குநர்.

நீங்கள் ஷேவ் செய்யும்போது முணுமுணுக்கும் பாட்டைப் பதிவு செய்து அனுப்புங்கள். என் அறை ரொம்ப அமைதி. ரெக்கார்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், அப்பா. டைட்டிலில் என் பேரை உங்கள் இனிஷியலோடு போடச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மகள்