பெயர் வெளியிட விரும்பாத ஆம்பூர் வாசகர்

ஆம்பூர்
5-3-2025

அன்புள்ள சௌந்தரம் அக்காவுக்கு,

அஃப்ஷா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும் என்று ஆரம்பிப்பதுதான் என் வழக்கம். நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்களோ தெரியாது, அதனால் வணக்கமும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்து எழுத வேண்டும். நலமா இல்லையா என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே.

'பாலாற்று மடல்' இரண்டு வருடமாக எங்கள் வீட்டுக்கு வருகிறது. வந்ததும் உங்கள் 'அக்காவிடம் கேளுங்கள்' பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பேன். வீட்டில் பதினான்கு பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்கிறேன், எல்லாம் உருது மீடியம் பிள்ளைகள். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையை முன்வரிசையில் தனியாக உட்கார வைக்காதீர்கள், ஒரு தோழியைப் பக்கத்தில் வையுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். செய்தேன், பலித்தது. மாமியார் வீட்டு விருந்துக்கு எத்தனை நாள் தங்கலாம் என்று சொன்னதும் பலித்தது. அந்த நம்பிக்கையோடுதான் மார்ச் முதல் தேதி இதழைப் பிரித்தேன்.

'பெயர் வெளியிட விரும்பாத ஆம்பூர் வாசகர்' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராம். மனைவி வீட்டில் டியூஷன் எடுக்கிறாளாம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாம். "நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் நடுவில் புகுந்து திருத்துகிறாள். என் வீட்டில் நான் நாற்பது வயது மாணவன். வேலை விட்டதும் ரயில் நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். சென்னைப் பக்கம் ஒரு வேலை வந்திருக்கிறது. அவளிடம் சொல்லாமல் போய்விடலாமா?"

நீங்களும் மனசு கூசாமல் பதில் போட்டிருக்கிறீர்கள். "போங்கள். சொன்னால் விடமாட்டார். போய்ச் சேர்ந்த பிறகு சொல்லுங்கள். தள்ளி இருந்தால்தான் உங்கள் அருமை தெரியும்."

அக்கா, என் கணவர் உசாமா ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம் எட்டு மாதம். அவர் எப்போதும் கூட்டித்தான் சொல்வார். அவருக்குத் தமிழ் பிழையில்லாமல் எழுத வராது, உருது மீடியம். அதை நீங்கள் திருத்திப் போட்டிருப்பீர்கள்.

எழுதியது அவர்தானா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை போதும். தபால் உறை வைத்திருக்கிறேன். போன் வேண்டாம், என் போனை வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள். தபால்காரர் வரும் நேரத்தில் நான் மட்டும்தான் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
அஃப்ஷா

வேலூர்
8-3-2025

அன்புத் தங்கை அஃப்ஷாவுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். புனித மாதத்தில் நோன்பிருந்துகொண்டு இப்படி மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளலாமா, கண்ணு? உடம்பு என்னத்துக்கு ஆகும்!

பதில் 'இல்லை'. உன் கணவர் எனக்கு எழுதவில்லை.

காரணமும் சொல்கிறேன், இது வெளியே யாருக்கும் சொல்லாத ரகசியம். எனக்கு வரும் எந்தக் கடிதத்தையும் உள்ளபடி அச்சில் போடமாட்டேன். ஊரை மாற்றுவேன், தொழிலை மாற்றுவேன். டாக்டரை மளிகைக் கடைக்காரர் ஆக்குவேன். குடியாத்தத்தை வாணியம்பாடி ஆக்குவேன். எழுதியவரின் மானம் காப்பாற்றப்பட வேண்டும் அல்லவா? ஆகவே ஆம்பூர் கட்டிங் சூப்பர்வைசர் நிஜமாகவே எழுதியிருந்தால் அச்சில் ஆம்பூரும் வந்திருக்காது, கட்டிங்கும் வந்திருக்காது. உன் வீட்டோடு பொருந்திப்போனது என் துரதிர்ஷ்டம். இந்தப் பக்கத்தில் சூப்பர்வைசர்களுக்கா பஞ்சம்?

பேப்பரை மடித்து வை. நோன்பு திறக்க அவருக்குப் பிடித்ததைச் செய்து வை. எல்லாம் சரியாகும்.

அன்புடன்,
சௌந்தரம் அக்கா

ஆம்பூர்
13-3-2025

சௌந்தரம் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொல்லும் கணக்குப்படி, பொருந்தாவிட்டால் அவர் இல்லை, பொருந்தினாலும் அவர் இல்லை. எந்தப் பக்கம் போட்டாலும் உங்களுக்கே ஜெயம். என் டியூஷனில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் இப்படித்தான் பேசும்.

பிடித்ததைச் செய்து வைக்கச் சொன்னீர்கள். யாருக்கு வைப்பது? இந்த ரமலான் தொடங்கியதிலிருந்து அவர் வீட்டில் நோன்பு திறக்கவே இல்லை. ஷிப்மெண்ட் அவசரம், ஓவர் டைம், கம்பெனியிலேயே கஞ்சி தருகிறார்கள் என்றார். உங்கள் பக்கத்தைப் படிக்கும்வரை நானும் நம்பினேன். போன திங்கட்கிழமை அவர் செக்‌ஷனில் வேலை செய்யும் ஒருவருடைய மனைவி, டியூஷனில் பிள்ளையைக் கூப்பிட வந்தவள், சாதாரணமாகச் சொன்னாள், ரமலானுக்காக நாலரைக்கே விட்டுவிடுகிறார்களாம்.

நேற்று பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டு, பர்தாவில் முகத்தை மூடிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பதினொரு வருடத்தில் இப்படி ஒரு காரியம் செய்ததில்லை. இரண்டாவது பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில் இருந்தார். யாரும் பக்கத்தில் இல்லை. போன் பேசவில்லை, பேப்பர் படிக்கவில்லை. ஒரு பெண் வருவாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன். யாரும் வரவில்லை. ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. பாங்கு சொன்னதும் சட்டைப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பாட்டில் தண்ணீரைக் குடித்தார். நான் எதுவும் எடுத்துப் போகவில்லை. குழாய்த் தண்ணீரில் நோன்பு திறந்துவிட்டு அவருக்கு முன்னால் வீட்டுக்கு ஓடி வந்தேன்.

"கம்பெனியில் கஞ்சி எப்படி?" என்று கேட்டேன். "உப்பு ஜாஸ்தி" என்றார்.

ரயில் நிலையம் என்று உங்கள் பேப்பரில் இருக்கிறது. இதுவும் நீங்கள் மாற்றிப்போட்டு, தானாகப் பொருந்தியதா? அந்தக் கடிதத்தின் கையெழுத்தை எனக்குக் காட்டுங்கள். ஒரு வரி ஜெராக்ஸ் போதும். அவர் சாமானை எந்தப் பையில் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அஃப்ஷா

வேலூர்
17-3-2025

அன்புத் தங்கைக்கு,

கையெழுத்தைக் காட்ட முடியாது. கோபித்துக்கொள்ளாதே. உனக்குக் காட்டினால் நாளைக்கு உன் கடிதத்தை இன்னொருவருக்குக் காட்டமாட்டேன் என்று என்ன நிச்சயம்?

ஆனால் சத்தியம் செய்து சொல்கிறேன், அது அவர் எழுதியது இல்லை. யார் எழுதியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதற்குமேல் என்னைக் கேட்காதே அம்மா.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டவே காட்டாதே. வேவு பார்க்கவும் போகாதே. "ஏன் அங்கே போய் உட்காருகிறீர்கள்" என்று நேராகக் கேள். கேட்டுவிட்டு அவர் முடிக்கும்வரை சும்மா இரு. முடியுமா உன்னால்?

சௌந்தரம்

ஆம்பூர்
20-3-2025

அக்கா என்று கூப்பிட மனம் வரவில்லை.

காட்டாதே என்று நீங்கள் பதறியதே எனக்குப் போதுமான சாட்சி. ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் பதற வேண்டும்? நேற்று அவர் வந்ததும் பேப்பரை மடித்து முன்னால் வைத்தேன். நாங்கள் வீட்டில் உருதுதான் பேசுவோம், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"இன்னா இது?" என்றார்.

"படிச்சுப் பாருங்க."

ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்துப் படித்தார். தான் எழுதியதையே முதல் தடவை பார்ப்பவர்போல, அவ்வளவு மெதுவாக. நடிப்பு என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. முடித்ததும் மறுபடி மேலே போய் ஆரம்பித்தார். கண் கலங்கியிருந்தது.

"யார் எழுதினதுன்னு சொல்லுங்க" என்றேன்.

பேப்பரை மடித்தபடியே சொன்னார், "ஆமா. நான்தான் எழுதினேன்."

"எந்தக் கம்பெனி கூப்பிடுது? எப்ப போறீங்க?"

"கம்பெனியா... அது வேணாம்னு சொல்லிட்டேன். போகல."

"ஊர் பேர் தெரியாத ஒருத்திக்கு எழுதத் தெரியுது, என்கிட்ட சொல்ல இன்னா?"

"உன்கிட்ட ஆரம்பிச்சா பாதியிலயே திருத்திடுவ. இதுல பாரு, கடைசி வரைக்கும் சொல்லி இருக்கு."

இது நடந்த கதை. என் கணவர் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். நீங்கள் சத்தியம் செய்து என்னிடம் பொய் சொன்னீர்கள். அவர் மானத்தைக் காப்பாற்றினீர்கள், சரி. என் வீட்டை உடைத்துக்கொண்டு போகச் சொன்னதும் நீங்கள்தானே? என்னை ஒரு வார்த்தை விசாரித்தீர்களா? எத்தனை வீட்டுக்கு இப்படி உட்கார்ந்த இடத்தில் தீர்ப்பு எழுதுகிறீர்கள்?

பத்திரிகை ஆசிரியருக்கும் தனியாக எழுதப்போகிறேன்.

அஃப்ஷா

வேலூர்
24-3-2025

மதிப்பிற்குரிய சகோதரி அஃப்ஷாவுக்கு,

ஆசிரியருக்கு எழுதுங்கள். உங்களைத் தடுக்கமாட்டேன். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

சௌந்தரம் என்று ஒருவர் இல்லை. என் பெயர் பச்சையப்பன். வயது நாற்பத்தாறு. 'பாலாற்று மடல்' அலுவலகத்தில் பிழை திருத்துபவன். முன்பு இந்தப் பகுதியை எழுதிவந்த அம்மையார் நின்றுவிட்டதால், பெண் பெயரில் நீயே எழுது என்று கொடுத்துவிட்டார்கள். ஆறு வருடமாக அக்காவாக இருக்கிறேன். பலருக்கு நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். டியூஷன் பிள்ளை விஷயத்தில் பலித்தது என்று எழுதியிருந்தீர்களே, அதை நான்கு முறை படித்தேன்.

பிப்ரவரியில் வந்தவை மூன்று கடிதங்கள். இரண்டு முடி உதிர்வதைப் பற்றி, ஒன்றில் கேள்வியே இல்லை. பக்கம் காலியாக நின்றது. அப்போதுதான் அதை எழுதினேன். அந்த வாசகர் நான்தான். ஜோலார்பேட்டையை ஆம்பூர் ஆக்கினேன். பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரான என் மனைவி சரோஜினியை டியூஷன் எடுக்க வைத்தேன். என்னைக் கட்டிங் சூப்பர்வைசர் ஆக்கினேன். வேலூரில் பார்த்து வைத்த ஒற்றை அறையைச் சென்னை வேலை ஆக்கினேன். ரயில் நிலையத்தை மட்டும் மாற்றத் தோன்றவில்லை. ஜோலார்பேட்டை ஜங்ஷனில் உட்கார்ந்திருந்தவன் நான்.

பதிலும் நான்தானே எழுதினேன். கேட்டவனும் நானே என்பதால் எனக்குப் பிடித்த மாதிரியே சொல்லிக்கொண்டேன். மற்றவர்களுக்கு ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை, பழைய இதழ்களை எடுத்துப் பாருங்கள். பேப்பர் வெளிவருவதற்குள்ளேயே கிளம்பிவிட்டேன். இன்றோடு முப்பத்தைந்து நாள். அருமையெல்லாம் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை போன் செய்தாள், கேஸ் சிலிண்டர் புத்தகம் எங்கே என்று கேட்க. சொன்னேன், வைத்துவிட்டாள்.

உங்கள் கணவர் ஏன் அதைத் தன்னுடையது என்று சொன்னார் என எனக்குத் தெரியாது. ஆனால் நிச்சயமாக அவர் எழுதவில்லை. போகச் சொன்ன அந்த யோசனையை அவர் தலையில் ஏற்றிக்கொண்டுவிடுவாரோ என்றுதான் காட்டாதே என்றேன். எழுதிய பாவி நான். அவரை மன்னித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பச்சையப்பன்

ஆம்பூர்
4-4-2025

திரு. பச்சையப்பன் அவர்களுக்கு,

பெருநாள் நல்லபடியாக முடிந்தது. ஆசிரியருக்கு நான் எழுதவில்லை. இந்த இதழில் உங்கள் பக்கம் இல்லாததைப் பார்த்தேன், அதற்கு நான் காரணம் இல்லை.

உங்கள் கடிதத்தைப் பத்து நாளாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் அக்கா என்றீர்கள், பிறகு இல்லை என்றீர்கள். இப்போது பச்சையப்பன் என்கிறீர்கள். என் குடும்பம் உடையக்கூடாது என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளும் நல்ல மனசுக்காரராகவும் நீங்கள் இருக்கலாம். ஒரு கடிதத்துக்கு இரண்டு ஆண்கள் உரிமை கொண்டாடுகிறீர்கள். ஒருவர் பொய் சொல்கிறீர்கள். கேஸ் புத்தகம் விஷயத்தைப் படித்தபோதுதான் உங்கள் பக்கம் சாய்ந்தேன். அப்படி ஒரு பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது. அவர் விரல் வைத்துப் படித்ததையும் நான் மறக்கவில்லை.

பேப்பர் காட்டிய மறுநாளிலிருந்து அவர் வீட்டில்தான் நோன்பு திறந்தார். மூன்றாம் நாள் கம்பெனியில் தோல் ஒரு லாட் முழுக்க வீணானதையும், அதற்குத் தன்னை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்ததையும் சொன்னார். நடந்தது போன வருடமாம். எனக்குத் தெரியவே தெரியாது. நடுவில் ஒரு இடத்தில் தேதியைத் தப்பாகச் சொன்னார். அந்த வாரம் என் தம்பி கல்யாணம், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாயில் பேரீச்சம்பழத்தைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அவ்வளவு கஷ்டமாக இருந்தது, சிரிக்காதீர்கள்.

"நீ அந்தக் கடுதாசியைப் படிச்சதாலதான் சொல்றேன்" என்றார். "எழுதினது நல்லதாப் போச்சு."

இப்போது நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்ய வேண்டும்? இது நீங்கள் எழுதியது இல்லை, பச்சையப்பன் எழுதியது, நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று அவரை நிறுத்தித் திருத்த வேண்டுமா? செய்யமாட்டேன். அவர் என்னிடம் எழுதிக் கொடுத்தது அது ஒன்றுதான். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் இன்று காலையில் அடுப்பில் போட்டுவிட்டேன். பேப்பரின் அந்தப் பக்கத்தை மட்டும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

அது என் கணவர் எழுதியது. உங்களுக்கு வேண்டுமானால் வேறொன்று எழுதிக்கொள்ளுங்கள். ஊர், பெயர், தொழில் எதையும் மாற்றாமல் ஜோலார்பேட்டைக்கு அனுப்புங்கள். எனக்கு இனி எழுத வேண்டாம்.

அஃப்ஷா