கைப்பிடிக்கு இரண்டு இழுப்பு

கிளெண்டைவ், மொண்டானா
11 மே 1987

அன்புள்ள மெர்ல்,

நேற்று மாவட்டத் துப்பாக்கிச் சுடும் போட்டியில், நம் கடையில் நான் செய்து விற்ற தோட்டா ஆஸ்ட்பியின் ரைஃபிளுக்குள் பாதியில் சிக்கிக்கொண்டது. வேகச் சுற்று. ஏழாவது தோட்டா உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. “இங்கா, இது தோட்டாவா, சாராய பாட்டிலுக்கு வைக்கிற தக்கையா?” என்று எல்லார் முன்னாலும் கத்தினான்.

கோபத்தோடு வீட்டுக்கு வந்து மிச்சத்தை அளந்தேன். மெர்ல், பிடித்துவிட்டேன்! பித்தளை உறைகள் ஒரே நீளமில்லை. இயந்திரக் கைப்பிடியின் ஒரே இழுப்பில், குண்டை இறக்குவது, வாயை இறுக்குவது என்று இரண்டு வேலையும் செய்வதால், குண்டு இறங்கி முடிவதற்குள் உறையின் வாய் இறுகிவிடுகிறது. நீளமான உறைக்குக் கழுத்தின் கீழே தோள் புடைத்துக்கொண்டு துப்பாக்கிக்குள் சிக்குகிறது.

“மொதல்ல குண்டை உட்கார வை, அடுத்த இழுப்புல வாயை இறுக்கு, அவசரப்படாதே” என்று இரண்டு வருஷத்துக்கு முன் நீ தலைபாடாய் அடித்துக்கொண்டாய். நான் உன்னை ஆமை என்றேன். நீ கோட்டை மாட்டிக்கொண்டு கடையை விட்டே கிளம்பிவிட்டாய்.

இன்று காலை ஐம்பது உறைகளை ஒரே நீளமாக வெட்டி, இரண்டு இழுப்பில் செய்தேன். ஐம்பதும் தடங்கலே இல்லாமல் வெடித்தன! நூறு கஜத்தில் பத்துக் குண்டு ஒரு காப்பிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கியது. சுட்டது ஆஸ்ட்பி, அதே ரைஃபிளில்.

ஜூன் இருபது மாநிலப் போட்டி. அதற்குத் துப்பாக்கிச் சங்கம் மூவாயிரம் தோட்டா கேட்கிறது. இது கைவிட்டுப் போனால் கடையை மூட வேண்டியதுதான். தனியாக என்னால் முடியாது. வா.

உன் பழைய கூட்டாளி,
இங்கா

போமன், வடக்கு டகோட்டா
16 மே

அன்புள்ள இங்கா,

தீவன ஆலையில் நின்றுகொண்டே படித்துச் சிரித்தேன். “என்னய்யா, லாட்டரி விழுந்துச்சா?” என்றான் மேஸ்திரி.

ஐம்பதும் வெடித்ததில் எனக்கு உன்னைவிடச் சந்தோஷம். ஆனால் இரண்டு பக்கம் எழுதியவள், ‘தப்பு என்னுது’ என்று ஒரு வரி எழுதவில்லை. அதைக்கூட விடு. ஏற்கெனவே விற்ற தோட்டாக்கள் யார் யார் வீட்டில் இருக்கின்றன? அத்தனையும் திரும்ப வந்தால்தான் நான் வருவேன்.

மெர்ல்

கிளெண்டைவ்
27 மே

அன்புள்ள மெர்ல்,

பண்ணை பண்ணையாக வண்டியோட்டினேன். விற்றது ஆயிரத்து இருநூறு. திரும்பியது ஆயிரத்து நூறு. மிச்சத்தை ஏற்கெனவே சுட்டுவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திருமதி லுண்ட் பெட்டியை நீட்டி, “வித்த சரக்கைத் திரும்ப வாங்க நீயா வந்தே? உடம்புக்கு ஏதாவதா?” என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அதற்கப்புறம் நான்கு பேர் புதிதாகக் கேட்டு வந்திருக்கிறார்கள்! இது எனக்குத் தெரியாத வியாபாரம், மெர்ல்.

தப்பு என்னுது. பத்திரமாக வைத்துக்கொள், இன்னொரு தடவை எழுத மாட்டேன்.

நேற்று தொலைபேசியில் பேசி முடித்தபடி: கடையில் உனக்குச் சரிபாதி. ஒரு நாளைக்கு இருநூறு தோட்டாவுக்கு மேல் கேட்க மாட்டேன். சரியில்லை என்று நீ கழித்ததை நான் விற்க மாட்டேன். ஞாயிறு விடுமுறை. ஜூன் முதல் தேதி, திங்கள், காலை ஏழு மணியிலிருந்து.

சம்மதத்துடன்,
இங்கா