பதினேழாவது படி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எல்லோரும் நலம். என் பொறுமைதான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது.

உங்கள் பேத்திக்கு ஆட்டிசம் என்று இரண்டு நாட்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்த காகிதம் இங்கே செல்லாதாம். முதலிலிருந்து சோதிப்பார்களாம். அது கிடக்கட்டும். போன நாட்டில் இருந்த வீட்டுக்குப் பதினேழு படி, இந்த வீட்டுக்குப் பதினாறு. மேலே வந்ததும் காலைத் தூக்கிக்கொண்டு, இல்லாத படியைத் தேடித் தேடி அழுகிறாள். உங்கள் மாப்பிள்ளையோ, "போகப் போகப் பழகிடுவா" என்கிறார். பழகுவதற்குள் இவருக்கு அடுத்த நாட்டுக்கு மாற்றல் வந்துவிடுகிறதே!

கடைசியில் வாசலில் ஒரு தடிப் பலகையைப் போட்டேன். "பதினேழு!" என்று மிதித்துவிட்டுச் சிரித்தபடி உள்ளே போனாள். சாயங்காலம் அதில் தடுக்கி விழுந்தவர் உங்கள் மாப்பிள்ளை.

"யாரு இதை இங்க போட்டது?"

"போகப் போகப் பழகிடுவீங்க" என்றேன்.

பயப்படாதீர்கள், லேசான சுளுக்குதான். அவள் கீழே எண்ண ஆரம்பித்துவிட்டாள், நிறுத்துகிறேன். தம்பியிடம் நம் வீட்டு மாடிப்படி எத்தனை என்று எண்ணச் சொல்லி எழுதுங்கள். குறைந்தாலும் பரவாயில்லை, பலகையோடு வந்துவிடுகிறோம்.

உங்கள் மகள்