காவல் நிற்பவருக்கு வேறு வேலை கிடையாது

இன்று காலை செம்பூர் ஸ்டேஷனில் வாஷி வண்டிக்காக நின்றேன். எதிர்த் தண்டவாளத்தில் கேங் ஆட்கள் குனிந்து ஜல்லி தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் தள்ளிப்போய், கழுத்தில் விசிலும் கையில் சிவப்புக் கொடியுமாக, வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். சும்மா நிற்பதற்கும் சம்பளமா என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார். அவர் அப்படி நிற்பது நீ வாங்கிக் கொடுத்த விதி. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது; எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

நாம் இருவரும் ஒரே நாளில் தண்டவாள மேற்பார்வை வேலையில் சேர்ந்தவர்கள். விதிப் புத்தகம் எனக்கு மனப்பாடம். உனக்குச் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பாய். ஆனால் நாம் ஓய்வு பெற்ற பிறகு, பாதுகாப்பு விதிகளைத் திருத்த அரசு ஓர் ஆலோசனைக் குழு அமைத்தபோது உன்னைத்தான் கூப்பிட்டார்கள். மாட்டுங்காவில் உன் வீட்டுக்கு இனிப்பு வாங்கி வந்து கொடுத்தேன். கொடுத்த கையாலேயே உன்னை ஒரு கிள்ளு கிள்ள வேண்டும் போல இருந்தது.

கூட்டம் முடிந்த மறுநாளெல்லாம் என்னிடம் வந்து கதை சொல்வாய். அதிகாரிகள், தொழிற்சங்கத்தார், பயணிகள் தரப்பு எல்லாரும் ஒரே மேஜையில். ஓட்டெடுப்பு கிடையாது, அத்தனை பேரும் ஒத்துக்கொண்டால்தான் பரிந்துரை அமைச்சகத்துக்குப் போகும். சில சமயம் ஒரே ஒரு சொல்லுக்காக மத்தியானம் முழுக்கப் போய்விடும் என்பாய். நான் காபியை ஆற்றிக்கொண்டே அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்துப் பார்ப்பேன்.

தண்டவாளத்தில் வேலை நடக்கும்போது காவல் நிற்பவருக்கு வேறு வேலை தரக் கூடாது என்ற விதியில்தான் இழுபறி. ஆள் பற்றாக்குறை, 'கூடுமான வரையில்' என்று சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள் அதிகாரிகள். என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டாய். ஒத்துக்கொண்டுவிடு என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். அந்தப் பேச்சு வளர்ந்தால் எங்கே போய் முட்டும் என்று நம் இருவருக்கும் தெரியும். வேலையில் இருந்த காலத்தில் ஒரு நாள், கடப்பாரை பிடிக்க ஆள் போதாமல், விசிலோடு நின்றவரை ஒரு நிமிஷம் வா என்று கூப்பிட்டவன் நான். அந்த நிமிஷத்தில் வண்டி வந்துவிட்டது. நம் கேங்கில் இருந்த தாராவி சுப்பையாவுக்கு ஒரு கால் போயிற்று. விசாரணையில் யாரும் என் பெயரைச் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில் நீ அந்த விபத்தைச் சொன்னாய். காவல் நின்றவரைக் கூப்பிட்டது நீதான் என்று பழியை உன் மேலேயே போட்டுக்கொண்டாய். அதற்கப்புறம் 'கூடுமான வரையில்' என்று வாதாட யாருக்கும் வாய் வரவில்லையாம். ஏன் அப்படிப் பொய் சொன்னாய் என்று உன்னிடம் சண்டைக்கு நின்றேன்.

"யாராவது சொல்லணுமோல்லியோடா? நீ வாயைத் தொறக்கமாட்டே. ஒன் பேரைச் சொல்ல நேக்கு மனசு வரலை."

எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. குழுவே எழுந்து உன் கையைப் பிடித்ததாமே, அதை நினைத்துத்தான் வெந்துகொண்டிருந்தேன்.

உன் இரங்கல் கூட்டத்தில் குழுத் தலைவர் பேசினார். தன் தவறைத் தானே ஒப்புக்கொண்ட மனிதர் என்று உன்னைச் சொன்னபோது சபையில் பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் சுப்பையா ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். நடந்தது என்ன என்று அவருக்குத் தெரியும்.

"நீங்க ஒண்ணும் பேசலியா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

தொண்டை சரியில்லை என்றேன்.

பயந்துதான் உட்கார்ந்திருந்தேன் என்று சுப்பையா நினைத்திருப்பார். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருந்தால், நண்பனுக்காகப் பழியை ஏற்றவன் என்று உன்னை இன்னும் உயரத்தில் தூக்கி வைத்திருப்பார்கள். அதைப் பொறுக்க முடியவில்லையடா. அந்த விதியில் உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. என் தப்பு மட்டும் இன்னும் உன் பெயரில் இருக்கிறது.