நான்கு அங்குலக் கோடு

1978 அக்டோபர் 12, வியாழன்

நான்கு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. கல்லூரி மைதானம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சோளவயல் தள்ளி. அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சி. பையன்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. தோள்கவசங்கள் மோதும் சத்தம் மட்டும் பனிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. யாரோ வேறு உலகத்தில் மரம் வெட்டுவது போல.

நான்கு ஆட்டம், நான்கு வெற்றி. ஊர் அதை வாய்விட்டுச் சொல்லப் பயப்படுகிறது. ஒரு பருவம் முழுக்கத் தோற்காமல் முடித்தது இந்தக் கல்லூரியில் இதுவரை கிடையாது. 1951இல் முடித்திருப்பார்களாம். கெடுத்தது நானாம்.

சொல்லட்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மீதியெல்லாம் நானே படித்துக்கொண்டது. தானியக் கிடங்கில் முப்பத்தைந்து வருஷம் எடை போட்டேன், ஒரு பவுண்டு பிசகியதில்லை. கல்லூரியில் படித்தவர்கள் எனக்கு அளவு சொல்லித்தர வேண்டாம்.

அக்டோபர் 14, சனி

ஐந்தாவது வெற்றி. ஐனாரை நாற்காலியோடு தூக்கிவந்து பார்வையாளர் மேடையில் வைத்தார்கள், கழுத்துவரை கம்பளி. என் மனைவி தோராவின் அண்ணன். எனக்கு மச்சான் என்று சொல்லவேண்டியிருக்கிறது.

“இதயம் பாதிதான் வேலை செய்யுதாம். இந்தப் பருவத்தப் பாத்துட்டுத்தான் போவேன்னு டாக்டர்கிட்டயே சொல்லிட்டாரு” என்றாள் தோரா.

51இல் அவன்தான் பயிற்சியாளர், நான் அன்றும் இன்றும் மைதான ஓரத்தில் பத்து கெஜ அளவுச் சங்கிலி பிடிப்பவன். கடைசி ஆட்டம், பனி கொட்டுகிறது, நம்மவர்களுக்கு நான்காவது முயற்சி, அதற்குள் பந்து பத்து கெஜம் போயிருக்கவேண்டும். சங்கிலியை உள்ளே கொண்டுபோய் அளந்தோம். மூன்று விரற்கடை குறைந்தது. பந்து எதிரணிக்குப் போனது, ஆட்டமும் போனது. “சங்கிலிய ஒரு இம்மி நகத்தியிருக்கக் கூடாதாடா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டான். என்னிடம்! அன்றிலிருந்து அவன் வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. ஞாயிறுதோறும் தோரா உள்ளே போவாள், நான் காரில் உட்கார்ந்து படிப்பேன். இருபத்தேழு வருஷத்தில் அந்தக் காருக்குள் எவ்வளவோ படித்துவிட்டேன்.

அக்டோபர் 21, சனி

ஆஷ்பி கல்லூரியோடு ஆட்டம். 13–10. ஆறாவது வெற்றி.

காலையிலிருந்து பனிமழை. கடைசி மூன்று நிமிஷம், நாம் பின்தங்கியிருக்கிறோம், நான்காவது முயற்சி. பத்து கெஜம் முடிந்ததா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. நடுவர் எங்களைக் கூப்பிட்டார். சங்கிலியின் முன்கழி என் கூட்டாளி வெர்லினிடம். இடம் குறிக்கும் கிளிப் என்னிடம். கோட்டில் வைத்தேன், சங்கிலியை இழுத்தார்கள். பந்தின் மூக்கு கழியை இரண்டு விரற்கடை தாண்டியிருந்தது. மேடை அதிர்ந்தது. அடுத்த இரண்டாவது நிமிஷத்தில் நம்மவர்கள் வெற்றிக்கோட்டைத் தொட்டார்கள்.

இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு என் முதுகில் தட்டினார்கள். காபிக் கடையில் நான் கேட்காமலே எனக்கு ஒரு துண்டு ஆப்பிள் பை வந்தது. வீட்டுக்கு நடந்துவரும்போது தரை காலுக்கு அடியில் இல்லாதது போல இருந்தது.

அக்டோபர் 22, ஞாயிறு

தேவாலயத்தில் இரண்டாவது பாட்டு. எல்லாரும் எழுந்தார்கள். நான் உட்கார்ந்தபடியே நேற்று கிளிப் வைத்ததை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தேன்.

எழுதிவைக்கிறேன், அப்போதுதான் தெளியும். சங்கிலி மைதானத்தின் ஓரத்தில் கிடக்கும். அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினால் இடம் மாறிவிடும். அதனால் மைதானத்தின் குறுக்கே போகும் சுண்ணாம்புக் கோடுகளில் அது எதைக் கடக்கிறதோ அந்த இடத்தில் சங்கிலியில் ஒரு கிளிப் மாட்டுவேன். உள்ளே போய் அதே கோட்டில் கிளிப்பை வைத்தால் சங்கிலி பழைய இடத்துக்கே வந்துவிடும். கோட்டின் அகலம் நான்கு அங்குலம். ஆகவே ஓரமும் அதே ஓரமாக இருக்கவேண்டும். நான் எப்போதும் பின் ஓரம்தான்.

நேற்று மைதான ஓரத்தில் சுண்ணாம்பு கரைந்து பின் ஓரம் தெரியவில்லை. முன் ஓரத்தில் மாட்டினேன். ‘முன், முன்’ என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நடுவர் கூப்பிட்டார். ஓடினேன். உள்ளே கோடு பளிச்சென்று இருந்தது.

கை தானாகப் பின் ஓரத்துக்குப் போனது.

நான்கு அங்குலம் பின்னால். தாண்டியது இரண்டு விரற்கடை. சரியாக வைத்திருந்தால் தாண்டியிருக்காது.

அக்டோபர் 24, செவ்வாய்

வெர்லினிடம் சொன்னேன். பால்பண்ணை வாசலில், கேன்களுக்கு நடுவில்.

“யாராவது பாத்தாங்களா?”

“இல்ல.”

“அப்போ நீயும் பாக்கல. போ, வீட்டுக்குப் போய்ப் படு.”

“நான் வச்சது தப்புடா.”

“ஓஸ்மன், இந்த ஊரு உன்கிட்ட பேச ஆரம்பிச்சு மூணு நாள்தான் ஆகுது. அதுக்குள்ள சலிச்சிடுச்சா?” பிறகு குரலை இறக்கி, “ஐனார் பாவம்டா” என்றான்.

அக்டோபர் 26, வியாழன்

மதியம் கண்ணயர்ந்தேன். கோடு ஆறாக ஓடியது. பால் நிறம், சத்தமே இல்லை. அக்கரையில் ஐனார் கம்பளியோடு நிற்கிறான். நான் இக்கரையில் கிளிப்போடு. அவன் ஏதோ கேட்கிறான், உதடு மட்டும் அசைகிறது.

விழித்ததும் வேறு ஒன்று தோன்றியது. நான் சொல்லத் துடிப்பது நேர்மைக்கா? அல்லது சாகப்போகிறவன் கையிலிருந்து அந்தப் பருவத்தைப் பிடுங்குவதற்கா? அவன் அன்றைக்குக் கேட்டதற்கு இன்றைக்குப் பதிலா?

இரண்டும் இருக்கிறது. எது எவ்வளவு என்று எடைபோட முடியவில்லை.

அக்டோபர் 28, சனி

ஏழாவது. வெளியூர் ஆட்டம். வானொலியைப் பாதியில் அணைத்தேன்.

அக்டோபர் 30, திங்கள்

இப்போதைய பயிற்சியாளர் ஹெக்டாலைப் பார்த்து எல்லாம் சொன்னேன். முப்பத்திரண்டு வயசு, என்னை ‘ஐயா’ என்பார்.

“ஐயா, இன்னும் ரெண்டே ஆட்டம். அது முடியட்டும். அப்புறம் நீங்க யார்கிட்ட வேணா சொல்லுங்க.”

“அப்புறம் சொன்னா அதுக்குப் பேரு வேற.”

“பையன்க மனசு உடைஞ்சிடும்.”

“உங்க பையன்க ஒழுங்காத்தான் ஆடினாங்க. தப்பா வச்சது நான். அத நான்தான் சொல்லணும்.”

வீட்டுக்கு வந்து இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று போட்டிச் சங்கத்துக்கு, ஒன்று ஆஷ்பியின் பயிற்சியாளருக்கு. படமும் வரைந்து வைத்தேன். தோரா தபால்தலையை ஒட்டிக் கொடுத்தாள். “எழுதாதீங்கன்னு சொன்னா கேக்கவா போறீங்க?” என்றாள்.

நவம்பர் 4, சனி

எட்டாவது வெற்றி. கிளிப்பைப் பின் ஓரத்தில் மாட்டினேன். பின் ஓரம், பின் ஓரம். அளக்கக் கூப்பிடவே இல்லை.

நவம்பர் 7, செவ்வாய்

இரண்டு பதில். சங்கம்: நடுவர்கள் மைதானத்தைவிட்டு இறங்கியபின் முடிவு முடிவுதான். ஆஷ்பிக்காரர் மூன்றே வரி. அன்று அவருடைய ஆட்கள் பந்தை நான்கு தடவை கைநழுவவிட்டார்களாம். அதற்கும் யாராவது மன்னிப்புக் கடிதம் எழுதுவார்களா என்று கேட்டிருக்கிறார்.

ஆக, எதுவும் மாறவில்லை. ஊருக்கு மட்டும் தெரிந்துவிட்டது. காபிக் கடையில் நான் உட்கார்ந்த மேசை காலியானது. ஒருத்தன் எனக்குக் கேட்கும்படியே சொன்னான்: “அப்போ குறைச்சான், இப்போ கூட்டினான். கிழவன் கையில அங்குலத்த யாருடா குடுத்தது?” சிரிப்பு. மாலையில் ஹெக்டால் தொலைபேசியில், சனிக்கிழமை நான் வரவேண்டாம் என்றார். வேறு ஆள் பார்த்தாகிவிட்டதாம். குரல் உடைந்துதான் இருந்தது.

ஐனாருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அவனிடம்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும். ஏன் கடைசிக்குத் தள்ளினேன்?

நவம்பர் 9, வியாழன்

ஞாயிறுவரை பொறுக்க முடியவில்லை. ஐனார் வீட்டு வாசலில் தோரா காரைவிட்டு இறங்கினாள். நானும் இறங்கினேன். அவள் திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

ஐனார் சன்னலோரம் உட்கார்ந்திருந்தான். இவ்வளவு சிறிய ஆளா?

“வழி தப்பிட்டியா மச்சான்?”

“ஒண்ணு சொல்லணும்.”

“ஊரே வந்து சொல்லிட்டுப் போயிடுச்சு. நீ உன் வாயால சொல்லு.”

சொன்னேன். முதலில் சிரித்தான், பிறகு இருமினான், பிறகு நெடுநேரம் மூச்சு வாங்கினான். கோபப்படுவான் என்று நினைத்து நான் எல்லாப் பதிலையும் தயாராக வைத்திருந்தேன்.

“ஒரு ஓரத்துல மாட்டின. உள்ள போய் வேற ஓரத்துல வச்ச. நீயே அறியாம. அதானே?”

“ஆமா.”

“அம்பத்தொண்ணுல பனி. நீ குனிஞ்சு கையுறையால பனிய ஒதுக்கின, நான் பாத்துட்டே இருந்தேன். ஒதுக்கினப்போ உன் கண்ணுல பட்டது எந்த ஓரம்?”

பின் ஓரம். இருபத்தேழு வருஷமாக நாக்கின் நுனியில் வைத்திருந்த சொல். வாயைத் திறந்தேன். வரவில்லை. கையுறை தெரிகிறது, பனி தெரிகிறது, பனிக்கு அடியில் இன்னொரு வெள்ளை தெரிகிறது. அந்த வெள்ளையின் எந்தப் பக்கத்தில் என் கை? மிதந்து மிதந்து போகிறது. மாட்டியது பின் ஓரத்தில்; உள்ளே முன் ஓரத்தில் வைத்திருந்தால் கழி நான்கு அங்குலம் முன்னால் தள்ளிப் போயிருக்கும். பந்துக்குக் குறைவாக இருந்ததோ மூன்று விரற்கடைதான். அப்படியானால் பந்து தாண்டியிருந்தது.

“தெரியல” என்றேன்.

அவன் முகத்தில் வெற்றி இல்லை. அறுத்த வயலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இத உன் வாயிலேருந்து கேக்கணும்னு எத்தன வருஷம் காத்திருந்தேன் தெரியுமா? கேட்டுட்டேன். ஒண்ணுமே தோணல.” சமையலறைப் பக்கம் கை காட்டி, “காபி குடிப்பியா? நீயே போட்டுக்க. எனக்கும் சேத்துப் போடு. என்னால எழுந்திரிக்க முடியாது.”

சர்க்கரை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சொன்னான்.

நவம்பர் 11, சனி

வயலில் நின்று கேட்டேன். பொடிப்பனி. வாத்தியங்கள், அமைதி, மறுபடி வாத்தியங்கள். ஒரு கட்டத்தில் காற்றே எழுந்து நின்றது போல ஒரு சத்தம். பிறகு தேவாலய மணி, நிற்கவே இல்லை.

ஒன்பதுக்கு ஒன்பது.

ஐனார் மேடையில் இருந்தான் என்று தோரா சொன்னாள். அழுதானாம்.

நவம்பர் 23, வியாழன், நன்றி நாள்

ஐனார் வீட்டில் விருந்து. வான்கோழி, லெஃப்சே என்ற உருளைக்கிழங்கு ரொட்டி, தோராவின் கிரான்பெரிப் பழக்கூழ். மேசைவிரிப்பில் மாவால் ஒரு கோடு போட்டுவைத்திருந்தான், சரியாக நான்கு அங்குலம். ஒரு நூலும் இரண்டு கரண்டியும்.

“அம்பத்தொண்ண முழுசா யோசிச்சுப் பாத்துட்டேன். நீ எந்தப் பக்கத்துலேருந்து ஓடிவந்த? இங்கேருந்து. அப்போ முதல்ல கைபட்டது பின் ஓரம்தான். நீ வச்சது சரிதான் மச்சான்.”

“அது உனக்கு எப்படித் தெரியும்?”

“உன் புத்தி எனக்குத் தெரியாதா?”

“எனக்கே தெரியாததுல உனக்கு என்ன தெரிஞ்சுது?”

“ஏய், நீ சரின்னுதானேடா சொல்றேன்!”

“சொல்லாத. சாட்சி இல்ல.”

தோரா மூன்று தடவை கூப்பிட்டாள். நான்காவது தடவை மேசைவிரிப்பையே உருவினாள். சாப்பிடும்போதும் அவன் விடவில்லை, வாய் நிறைய உணவோடு பின் ஓரம், பின் ஓரம் என்கிறான். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. தெரியாது என்றால் தெரியாதுதான்.