நவமிக்கும் ராகு காலத்துக்கும் நடுவே ஒரு வேட்பாளர்

மே 30, வெள்ளி

காலையில் காமாட்சி அம்மன் கோயில். நல்ல தரிசனம். வெளியே வந்து செருப்பைத் தேடுவதற்குள் எதிர்வீட்டு துர்காதேவி பிடித்துக்கொண்டாள். சங்கத் தலைவர் தேர்தலுக்குத் தேதி போட்டுவிட்டார்களாம்.

எங்கள் நெசவாளர் சங்கத்தில் இரண்டு கட்சி. கொடி, சின்னம் எதுவும் கிடையாது. பழைய கட்சி, புதுக் கட்சி, அவ்வளவுதான். அமாவாசையன்று எந்த வீட்டிலாவது தறிச் சத்தம் கேட்டால் பழைய கட்சி சண்டைக்குப் போகும். சங்கத்துக் கல்யாண மண்டபத்தில் கேக் வெட்டக் கூடாது, டிஜே கூடாது என்பதும் அவர்கள்தான். புதுக் கட்சி மண்டபத்துக்கு ஏசி போட வேண்டும் என்கிறது. என்னைக் கேட்டால் அமாவாசையும் வேண்டும், ஏசியும் வேண்டும். யார் என்னைக் கேட்கிறார்கள்?

புதுக் கட்சிக்கு பிரேம்நாத் என்று முடிவாகிவிட்டது. போனிலேயே புடவை விற்கிற பிள்ளை. பழைய கட்சிக்கு யார் என்பதுதான் தெருவுக்குத் தூக்கம் கெடுகிற விஷயம்.

"மூணு பேரு பேரு அடிபடுதுக்கா. மாணிக்கவேலு ஒண்ணு, கலியாணசுந்தரம் ஒண்ணு. மூணாவது யாரு சொல்லு பாப்போம்?"

"யாரு?"

"உங்க வூட்டுக்காரரு!"

கோயில் வாசல் என்று பார்க்காமல் சிரித்துவிட்டேன். குழம்பில் உப்பு இல்லை என்பதையே சுற்றி வளைத்து அரை மணி சொல்கிற மனிதர். அவர் தலைவரா?

மே 31, சனி

என் பெண் ஜீவிதாவுக்கு வேலை ஆர்டர் வந்துவிட்டது! ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனி. ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். கம்பெனி வண்டியே பஸ் ஸ்டாண்டு வரை வருமாம். இவர் காகிதத்தை வாங்கிச் சாமி படத்தின் முன் வைத்து விழுந்து கும்பிட்டார். "தைரியமா போயிட்டு வா தாயி" என்றார்.

நான் எட்டாவதோடு நின்றவள். மிச்சப் படிப்பெல்லாம் மளிகைக் கடைப் பொட்டலத் தாளில். அந்தக் காகிதத்தை நானும் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கண் மறைத்துக்கொண்டே இருந்தது.

ஜூன் 1, ஞாயிறு, சஷ்டி

துர்கா சொன்னது நிஜம். பழைய கட்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். காபி குடித்துவிட்டு இவர் தகுதியை எடுத்துச் சொன்னார்கள்.

"அண்ணி சஷ்டிக்குத் தண்ணிகூட குடிக்கறதில்ல. கிருத்திகைக்கு விரதம். பிரதோஷம் தவறுறதில்ல. வேற யார் வூட்ல இருக்குது இந்த ஆசாரம்? அதனால குமரகுருதான் நிக்கணும்."

பட்டினி கிடப்பது நான். நிற்பது இவர்.

அவர்கள் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கட்சியில என் பேரு வரணும்னு வேண்டிக்க வடிவு. நீ கேட்டா முருகரு தட்ட மாட்டாரு." முகத்தில் அப்படி ஓர் ஆசை. குமரக்கோட்டத்துக்குப் போய், பேர் வந்தால் நூற்றெட்டு விளக்கு ஏற்றுகிறேன் என்று சொல்லி வந்தேன்.

ஜூன் 5, வியாழன்

மூன்று பேருக்கும் போட்டி முற்றிவிட்டது. கலியாணசுந்தரம், சாமி புறப்பாட்டில் தோள் கொடுக்கிறவர், இப்போது தெருவில் செருப்பே போடுவதில்லை. மத்தியான வெயிலில் ரேஷன் கடைக்குக் குதித்துக் குதித்துப் போவதை நானே பார்த்தேன். மாணிக்கவேல் அண்ணன் பெரிய பட்டுக் கடைக்காரர். அவர் வீட்டைத் தவிர வேறு எங்கும் வாய் நனைப்பதில்லை என்று அறிவித்துவிட்டார். கல்யாணத்துக்குப் போனாலும் மொய் வைத்துவிட்டுப் பட்டினியாகத் திரும்புகிறார். இவர் தன் பங்குக்கு முனைக்கடை ஆம்லெட்டை விட்டுவிட்டார். ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

தறி நிற்கிறது. முந்தியில் பாதி மயிலோடு புடவை காத்துக்கொண்டிருக்கிறது. ஒரு மாதத்துச் சர்க்கரை காபியிலேயே போய்விட்டது.

ஜூன் 8, ஞாயிறு

என்னத்த எழுதறது. வயிறு எரியுது.

பழைய கட்சிக் கூட்டத்தில் மாணிக்கவேல் எழுந்து பேசியிருக்கிறார். "நம்ம பொண்ணுங்க ராத்திரி ஷிப்ட்டுக்குப் போவக் கூடாது. சங்கத்துல தீர்மானம் போடணும். வேட்பாளரா யாரு நின்னாலும் மொதல்ல அவங்க வூட்டுலேர்ந்து ஆரம்பிக்கணும்." எல்லோரும் கை தட்டினார்களாம். இவரும் தட்டியிருக்கிறார்! அந்த மாணிக்கவேலுக்குப் பெண் பிள்ளை என்று வீட்டில் ஒரு பேத்தி, கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். கலியாணசுந்தரத்துக்கு இரண்டும் பையன்கள். அப்ப இது யாருக்கு வச்ச குறி? தெரியலையா இவருக்கு?

வந்து தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "ரெண்டு வருஷம் கழிச்சி வேற வேல கிடைக்காதா வடிவு?" என்றார்.

"சேர்ற தேதி குடுத்துட்டாங்கப்பா. ஒண்ணாந்தேதி போவலைன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க" என்றாள் ஜீவிதா. அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டாள். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

ஜூன் 9, திங்கள், வைகாசி விசாகம்

குமரக்கோட்டத்தில் எள் விழ இடமில்லை. வேண்டுதலைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று முருகனிடம் சொல்ல வாய் வரவில்லை. கொடுத்த சொல் கொடுத்ததுதானே. அங்கிருந்து நேராகக் காமாட்சியிடம் போனேன். என் பெண் ஒன்றாம் தேதி அந்த வண்டியில் ஏற வேண்டும், உனக்கு ஒன்பது வெள்ளி மாவிளக்குப் போடுகிறேன் என்றேன்.

பிள்ளையிடம் ஒன்று, தாயிடம் ஒன்று. அவர்கள் வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

ஜூன் 12, வியாழன்

எங்கள் இருபத்தைந்தாம் கல்யாண நாளில் ஜீவிதா வாங்கி வந்த கேக்கை இவர் வெட்டுகிற படம், மூக்கில் கிரீமோடு, தெருப் பிள்ளைகள் எல்லோர் போனிலும் ஓடுகிறது. "அது கேக் இல்லப்பா, பெரிய சைஸ் கேசரி" என்று இவர் கூட்டத்தில் விளக்கம் சொன்னாராம். நம்பிவிட்டார்களாம்!

ஜூன் 15, ஞாயிறு

மூவரில் ஒருவரும் விட்டுக்கொடுக்காததால் பூப் போட்டுப் பார்த்தார்கள். தெருப் பிள்ளையார் கோயிலில். வெள்ளை நந்தியாவட்டை இவருக்கு, செவ்வரளி மாணிக்கவேலுக்கு, மஞ்சள் சாமந்தி கலியாணசுந்தரத்துக்கு. பொட்டலம் கட்ட யார்? "அண்ணி கட்டட்டும், அவங்க கை சுத்தம்" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

சாமந்தியை மூன்றிலும் வைத்துக் கட்டினால் யாருக்குத் தெரியப் போகிறது? இலையை மடிக்கும்போது அந்த நினைப்பு வந்தது உண்மை. பிள்ளையார் பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுங்காகத்தான் கட்டினேன்.

குருக்கள் வீட்டுக் குழந்தை அனுவை எடுக்கச் சொன்னார்கள். அது மூன்றையும் மடியில் அள்ளிக்கொண்டு ஓடியது. பிடித்து வந்தார்கள். இரண்டாம் தடவை ஒன்றை எடுத்து வாயில் வைத்துக் கடித்தது. அதுதான் தெய்வ வாக்கு என்று தீர்மானித்து, குழந்தை வாயிலிருந்து பிடுங்கிப் பிரித்தார்கள்.

நந்தியாவட்டை.

இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றினார்கள். ஜீவிதா கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 16, திங்கள்

அப்பாவும் பெண்ணும் பேசுவதில்லை. "தண்ணி வேணுமான்னு அவரக் கேளு." "வேணும்னு அவகிட்ட சொல்லு." இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருக்கிறார்கள்.

ஜூன் 18, புதன்

இன்று முதல் மூன்று நாள் மனு வாங்குகிறார்கள். வேட்பாளரும் முன்மொழிகிறவரும் வழிமொழிகிறவரும் நேரில் போய் அதிகாரி முன் கையெழுத்துப் போட வேண்டும். முன்மொழிவது மாணிக்கவேல், வழிமொழிவது கலியாணசுந்தரம். தோற்றவர்கள் மனம் கோணக் கூடாது என்று அப்படி ஏற்பாடு. மாணிக்கவேல் அண்ணனுக்குக் கடக ராசி, இன்று சந்திராஷ்டமம். வீட்டை விட்டே வர மாட்டேன் என்றுவிட்டார்.

பிரேம்நாத் காலையிலேயே போய், பைக்கை நிறுத்தாமல் உறுமவிட்டே மனுவைக் கொடுத்துவிட்டு வந்தானாம்.

ஜூன் 19, வியாழன்

அஷ்டமி. ஒருவரும் நகரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

பதற்றத்தோடு எழுதுகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே விளங்கும்.

இன்று கடைசி நாள். சங்க ஆபீஸ் பத்து மணிக்குத் திறந்து பன்னிரண்டுக்கு மனு வாங்குவதை முடிக்கும். பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். காலையில் நவமி வேறு. நவமி எப்போது விடுகிறது என்பதில்தான் எல்லாம் இருந்தது.

பத்து மணிக்கு எங்கள் கூடத்தில் மாணிக்கவேல் துண்டை உதறி எழுந்தார். "நவமி வுட்டுடுச்சி. வாங்க போவலாம்."

கலியாணசுந்தரம் நகரவில்லை. "உங்க திருக்கணிதத்துல வுட்டுடுச்சி. எங்க வூட்ல வாக்கியப் பஞ்சாங்கம். பதினொண்ணுக்கு மேலதான் விடுது. நவமியில கையெழுத்துப் போடச் சொல்றீங்களா?"

"உன் பஞ்சாங்கத்தக் கிணத்துல போடு!"

"எங்க தாத்தா பாத்த பஞ்சாங்கம் அது! பழைய கட்சின்னு பேரு வச்சிக்கினு பழசக் கிணத்துல போடச் சொல்றியா நீ?"

வாக்குவாதத்திலேயே பத்தரை ஆகிவிட்டது. தேர்தல் அதிகாரி சாமுவேல் வாத்தியார், எந்தப் பக்கமும் சாயாதவர் என்று வெளியிலிருந்து பிடித்து வந்தவர், போனில் கூப்பிட்டு, "குமரகுரு, மனு வரலையேப்பா" என்று ஞாபகப்படுத்தினார். ஒரு வழியாகக் கலியாணசுந்தரத்தின் நவமியும் விட்டது. "இப்ப வாங்க" என்றார். "ராகு காலத்துலயா? நான் படி இறங்க மாட்டேன்" என்று மாணிக்கவேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் இவர் என் பக்கம் திரும்பினார். கூடமே திரும்பியது.

"வடிவு, நீ சொல்லு. ராகு காலத்துல குடுக்கலாமா?"

ராகு காலத்தில் நான் புது ஊறுகாய் ஜாடிகூடத் திறந்ததில்லை. உள்ளே கதவுக்குப் பின்னால் ஜீவிதாவின் கொலுசு அசையாமல் நின்றது எனக்குக் கேட்டது. அசையாததை எப்படிக் கேட்டேன்? கேட்டது.

"கூடாதுங்க" என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். உண்மையைத்தான் சொன்னேன். யார் எப்போது கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் யாருக்காகச் சொன்னேன்? ஒருத்தராவது 'பரவாயில்லை, போகலாம்' என்று கிளம்பியிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன் — மாட்டேனா?

ராகு காலம் முடிகிறவரை வாசற்படியில் வரிசையாக நின்றார்கள். முடிந்ததும் வலது காலை எடுத்து வைத்து, கற்பூரம் காட்டி, ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். வாத்தியார் பெட்டிக்குச் சீல் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம்தான் சார் ஆயிருக்குது!" என்று கத்தினார் மாணிக்கவேல்.

"ராகு காலத்துல எனக்காக ஒரு நிமிஷம் கொறைச்சிக்குவீங்களா ஐயா?"

"அது எப்படி முடியும்?"

"எனக்கும் அதே கதைதான்" என்று வாத்தியார் அரக்கை உருக்கினார்.

பிரேம்நாத் போட்டியில்லாமல் தலைவர்.

ஜூன் 21, சனி

இவர் காலையிலிருந்து தறியில். மயிலுக்குத் தோகை வந்துவிட்டது. மத்தியானம் மோர் கொடுக்கப் போனேன். தறி நாடா ஓட்டுவதை நிறுத்தாமலே, "ஒண்ணாந்தேதி ஜீவிதா கிளம்பற நேரம் எப்படி இருக்குதுன்னு பாத்து வையி" என்றார். ஜீவிதா தானே வந்து, தானே கேட்டாள்: "தண்ணி வேணுமாப்பா?"

ஜூன் 22, ஞாயிறு

குமரக்கோட்டத்தில் நூற்றெட்டு விளக்கு. எண்ணெய் ஊற்ற இவரையே அழைத்துப் போனேன். எழுபது விளக்கு வரை ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னாத்துக்கு இது? தோத்ததுக்கா?"

"கட்சியில பேரு வந்தா ஏத்தறேன்னு வேண்டிக்கினேன். பேரு வந்துச்சா இல்லியா?"

"அதுக்கு மேல நீ ஒண்ணும் கேக்கலியா?"

"நீங்க அதுக்கு மேல சொல்லலியே."

திரியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், பக்கத்தில் நின்ற விளக்கு இரண்டு அணைந்தது.

காமாட்சிக்கு வெள்ளிக்கிழமை முதல் மாவிளக்கு. அதை இவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

சாயங்காலம் ஜீவிதா வண்டி ஏறினாள். முதல் வாரமே ராத்திரி ஷிப்ட். பஸ் ஸ்டாண்டில் மாணிக்கவேல் அண்ணன் தூண் ஓரமாக நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் பஸ் நேரம் பார்ப்பது போல் அண்ணாந்தார். வண்டி வந்து நின்ற பிறகுதான் கிட்டே வந்து, ஜீவிதாவிடம் ஒரு உறையை நீட்டினார்.

"பேத்தி மார்க்கு ஷீட்டும்மா. படிப்பு முடிச்சிட்டா. உங்க கம்பெனியில ஆள் எடுக்கறாங்கன்னா... சும்மா காட்டிப் பாரு. பகல் ஷிப்ட்டுன்னா நல்லது." பிறகு, "எதுன்னாலும் சரி" என்றார்.

இவர் ஏதாவது குத்தலாகச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். "பெரியப்பாகிட்டேர்ந்து வாங்கிக்க, பத்திரமா வை" என்றார். வண்டி திரும்பியதும் இரண்டு பேரும் எனக்கு முன்னால் பேசிக்கொண்டே நடந்தார்கள். அடுத்த தேர்தலில் யார் நிற்பது என்று. "நீங்கதான்ணே நிக்கணும்." "எனக்கெதுக்குப்பா, நீதான்." "கலியாணசுந்தரம் ஒத்துக்குவாரா?"

ஜூலை 2, புதன்

காலையில் ஜீவிதா தும்மிக்கொண்டே வந்தாள். உள்ளே ஏசி பனிக்கட்டி மாதிரியாம், மற்றப் பெண்கள் எல்லாம் ஸ்வெட்டர் வைத்திருக்கிறார்களாம்.

சாயங்காலம் அவள் கிளம்பும்போது இவர் பீரோவைக் குடைந்தார். பூ விழுந்த அன்று கட்சிக்காரர்கள் இவருக்குக் கொடுத்த பொன்னாடையை எடுத்தார். பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தார். உறையைக் கிழித்து, சரிகை உறுத்துகிறதா என்று தன் கழுத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். நாலாக மடித்து அவள் பையில் வைத்தார்.